கேதீஸ்வரியின் சைக்கிளில் பதினெட்டு நாள்

மருதமுனையில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் பஸ்மிலாவிடம் பழகியவர்கள். ஆசிரியைகள், தாதிமார், வங்கியில் வேலை செய்பவர்கள், வெளிநாட்டிலிருக்கும் கணவன் வாங்கிக் கொடுத்த கார் வாசலில் தூசி பிடித்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் என்று ஏழு வருடத்தில் எத்தனை பேருக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய கணவன் சியாமும் கத்தாரில்தான். ஸ்கூட்டரை விற்று, நகையையும் போட்டு வாங்கிய சின்னச் சிவப்புக் கார் அவளுடையது. முன்னும் பின்னும் எல் போர்ட். இடப்பக்கம் அவள் உட்காரும் இடத்தில், காலடியில் இன்னொரு பிரேக். பழகுகிறவர்கள் தடுமாறும்போது அந்த பிரேக்கை மிதிப்பதுதான் அவளுடைய வேலையில் பாதி. அவள் கால் பிந்தியதே இல்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பிந்தியது.

காலை ஆறே முக்கால் இருக்கும். காரை ஓட்டியது றுமானா. கணித ஆசிரியை, இருபத்தாறு வயது, பதினோராவது நாள் பயிற்சி. பாண்டிருப்பில் ஓர் அரிசிக்கடை வாசலில் லொறியை நிறுத்தி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். லொறி இடப்பக்கத்து வெள்ளைக் கோட்டையும் தாண்டி வீதிக்குள் ஒரு முழம் ஏறி நின்றது. லொறிக்கும் இவர்களுடைய காருக்கும் இடையில் ஒரு சைக்கிள். பின் கரியரில் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் மிதித்துக்கொண்டிருந்தாள். லொறியை நெருங்கியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். வலக்கையை நீட்டிக் காட்டினாள். பிறகு வெளியே வரத் தொடங்கினாள்.

றுமானா வேகத்தைக் குறைத்தாள். "மிஸ், சைக்கிள் வெளிய வருது."

பின்னால் கல்முனைக்குப் போகும் பஸ் ஒன்று ஹோர்னை விட்டு விட்டு அலறவைத்துக்கொண்டிருந்தது. பஸ்மிலாவுக்கு அந்தச் சத்தம் பிடரியில் குத்தியது.

"நிப்பாட்டாதீங்க. ஹோர்ன் அடிச்சிட்டு எடுங்க. அவ நிப்பா."

றுமானா ஹோர்ன் அடித்தாள். எடுத்தாள். அந்தப் பெண் நிற்கவில்லை. நிற்க இடமும் இல்லை. ஒரு பக்கம் லொறியின் இரும்பு, மறுபக்கம் கார். பஸ்மிலா பிரேக்கை மிதித்தபோது காரின் முன்மூலை சைக்கிளின் பின்சில்லைத் தொட்டிருந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பெண் விழுந்தாள். கால் சைக்கிளுக்குக் கீழே மடிந்தது. பெட்டிகள் திறந்து, ஆவி பறக்க இடியப்பம் வீதி முழுக்கச் சிதறியது.

விழுந்தவள் பெயர் கேதீஸ்வரி. பெரியநீலாவணைக்காரி, நாற்பத்து நான்கு வயது. கணவன் வாழைச்சேனையில் ஆழ்கடல் படகில் வேலை. போனால் ஊர் திரும்ப ஒரு மாதம் ஆகும். அவளும் தங்கை சுஜித்தாவும் விடியமுன் எழும்பி இடியப்பம் அவிப்பார்கள். கேதீஸ்வரி அதைச் சைக்கிளில் கொண்டுபோய் மருதமுனையில் ஒரு கடைக்கும், பாண்டிருப்பில் ஒரு கடைக்கும், கல்முனைச் சந்தையடியில் இரண்டு கடைக்கும் கொடுப்பாள். பதினாறு வருடமாக இதுதான். இதெல்லாம் பஸ்மிலாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, கணுக்கால் உடைந்திருக்கிறது என்பது மட்டும்.

பொலிசுக்குப் பஸ்மிலாவின் மூத்த சகோதரன் அப்ராஸ் வந்துவிட்டான். வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். பொலிஸ், காப்புறுதி என்றால் அவனுக்கு எல்லாம் அத்துப்படி. வாசலிலேயே அவளை ஓரமாகக் கூப்பிட்டு, எதையும் கூட்டிக் கதைக்காதே, சைக்கிள் திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கம் வெட்டியது, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்றான். கார் பழக்கும் பெர்மிட் போனால் ஏழு வருட உழைப்பும் போய்விடும் என்றான். பஸ்மிலா உள்ளே போய் அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். றுமானாவைக் கேட்டபோது, எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டது என்று சொல்லி அழுதாள். அதையும் எழுதிக்கொண்டார்.

காரைப் பரிசோதகர் வந்து பார்க்கும்வரை பொலிஸ் வளவில் விடச் சொன்னார்கள்.

அன்று பின்னேரமே யாரோ எடுத்த படம் முகநூலில் வந்துவிட்டது. சில்லு வளைந்த சைக்கிள், சிதறிய இடியப்பம், எல் போர்ட். கீழே ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. சைக்கிள்காரருக்கும் லைசன்ஸ் வைக்க வேண்டும், கண்ணாடியும் இல்லை, கண்ணும் இல்லை, நினைத்த பக்கம் வெட்டுவார்கள் என்று ஒரு கூட்டம். பெற்றோல் இல்லாத வருடம் எல்லோரும் சைக்கிளைத் தேடி அலைந்தீர்களே, பெற்றோல் வந்ததும் சைக்கிள்காரன் ஆகாதவனாகிவிட்டானா என்று இன்னொரு கூட்டம். பொம்பிளைகளுக்கு ஏன் கார் என்று கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். பஸ்மிலா எல்லாவற்றையும் வாசித்தாள். வாசிப்பதை விட முடியவில்லை. வாசிக்கும்போதே கதிரைக்குக் கீழே அவளுடைய கால் சீமெந்துத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அதைக் கவனித்து நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மிதித்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏச்சுக் கேட்கத் தயாராகத்தான் போனாள். கேதீஸ்வரி காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தபடி, உட்காருங்கள் தங்கச்சி என்றாள். விழுந்தது எப்படி என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லையாம். லொறி நின்றது தெரியும். அதற்குப் பிறகு ஆட்டோவுக்குள் கிடந்ததுதான் தெரியும்.

"நான்தான் பாக்காம வந்திருப்பன் போல. பொலிசிலயும் அப்படித்தான் சொன்னாங்க. உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்."

பஸ்மிலா வாயைத் திறந்தாள். வேறு ஒன்று வந்தது. கால் சுகமாகும்வரை இடியப்பத்தைக் கடைகளுக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். கேதீஸ்வரி உட்கார்ந்தபடி பிழிந்துவிடலாம். சுஜித்தா அவிப்பாள். ஆனால் சுஜித்தாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, கைப்பிள்ளை வேறு. கடைக்காரர் நாலு நாள் பார்ப்பார்கள், ஐந்தாம் நாள் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். கேதீஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் இரண்டு நாளில் வந்துவிடும் என்ற நினைப்பில் சொன்ன சொல் அது. கார் வரவில்லை. முதல் மூன்று நாள் ஆட்டோவில் கொண்டுபோனாள். நான்காம் நாள் ஆட்டோக்காரர், அந்த நேரம் பள்ளிப்பிள்ளைகளின் ஹயர் இருக்கிறது, இனி ஏலாது என்றார். பெட்டிகள் நிறைந்து சூடாக இருந்தன. முற்றத்தில் பின்சில்லுக்குப் புது றிம் போட்ட கேதீஸ்வரியின் சைக்கிள் நின்றது.

பஸ்மிலா சைக்கிள் மிதித்துக் கால்நூற்றாண்டு. அபாயாவைத் தூக்கி ஊசி குத்திக்கொண்டு, சுஜித்தா பின்னால் பிடிக்க, கோயில் ஒழுங்கையில் இரண்டு தரம் சாய்ந்து எழும்பி, மூன்றாம் தரம் வீதிக்கு ஏறினாள். கடற்காற்று ஒரு பக்கத்தால் தள்ளியது. பெட்டிகளின் பாரம் பின்னால் இழுத்தது. மருதமுனைக் கடையடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். டிரைவிங் மிஸ் சைக்கிளில் வருகிறா என்பது ஏழு மணிக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாம் நாளே அவளுக்கு ஒன்று விளங்கியது. காருக்குள் இருந்து பார்க்கும்போது வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளுக்கென்று ஓர் இடம் இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். பழக வருகிறவர்களுக்கும் அப்படித்தான் காட்டிக் கொடுத்திருந்தாள். அங்கே வந்து பார்த்தால் அந்த இடத்தைக் காணவில்லை. ஓர் இடத்தில் மணல் குவிந்து கிடந்தது. ஓர் இடத்தில் வடிகான் மூடி இல்லை. கடைப் பலகைகள், நிறுத்தி வைத்த ஆட்டோக்கள், தேங்காய்க் குவியல், எதிர்ப்பக்கத்தால் வரும் மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஒருமுறை வீதிக்குள் வரத்தான் வேண்டியிருந்தது. வரும்போதெல்லாம் பின்னால் ஒரு ஹோர்ன். பஸ் உரசிப் போகும்போது முதலில் காற்று தள்ளும், பிறகு இழுக்கும். கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் முன்சில்லு தனக்கென்று ஒரு புத்தி வைத்திருப்பதுபோல ஆடும். வீட்டுக்கு வந்து சேரும்போது கழுத்து மரத்துப்போயிருக்கும். பின்னால் இருப்பதைக் காதால் பார்த்துப் பார்த்து வந்த களைப்பு.

ஊர் அவளைப் புகழ்ந்தது. பக்கத்து வீட்டு றுகையா மாமி வாசலில் மறித்து, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான் மகள் என்றாள். பஸ்மிலா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக உள்ளே போனாள். சுபஹுத் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது இரண்டு நாள் பிசகியது. கேதீஸ்வரியின் குசினிக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை எண்ணுவதுபோல நின்றாள். அந்தத் திங்கட்கிழமை திரும்பிப் பார்த்த அதே முகம். கண்ணுக்கு நேரே பார்த்த முகம்.

சைக்கிளில் பதினோராம் நாள், அதே அரிசிக்கடை வாசலில், லொறி நின்றது. அதே லொறியோ வேறு லொறியோ. பஸ்மிலா மிதிப்பதை மெதுவாக்கினாள். திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு வெள்ளைக் கார். கையைக் காட்டினாள். வெளியே வந்தாள். பாதி வந்ததும் ஹோர்ன் கேட்டது, நீளமாக. அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. இனி லொறிக்குப் பின்னால் திரும்பிப் போக முடியாது. முன்னாலும் போக முடியாது. நிற்பதென்றால் வீதி நடுவில்தான் நிற்க வேண்டும். அவள் குதித்துவிட்டாள். சைக்கிள் லொறியில் மோதிச் சரிந்தது. ஒரு பெட்டி திறந்தது. கார் அவளுடைய முழங்கையை உரசாத குறையாகத் தாண்டிப் போய், இருபது அடி தள்ளி நின்றது.

இறங்கி ஓடி வந்தவள் முனவ்வறா. கல்முனைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவள். போன வருடம்தான் பஸ்மிலாவிடம் பழகி லைசன்ஸ் எடுத்தவள். முகம் வெளுத்திருந்தது. குனிந்து இடியப்பத்தைப் பொறுக்கினாள். மிஸ் என்று தெரியாது, முகத்தைக் காணவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான் ஹோர்ன் அடிச்சன்தானே மிஸ். ஹோர்ன் அடிச்சா சைக்கிள் நிக்கும் எண்டு நீங்கதானே சொல்லித் தந்த."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். பஸ்மிலா மண் ஒட்டிய இடியப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்? ஒவ்வொருவருக்கும் மூன்றாம் நாள், நான்காம் நாள் மெயின் றோட்டுக்கு ஏறும்போது. தலைக்குள் முகங்கள் ஓடின. அத்தனை பேரும் இந்த வீதியில் இந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பெட்டி விழுந்துவிட்டதைக் கேதீஸ்வரியிடம் சொன்னபோது அவள் ஏசவில்லை. உங்களுக்கு அடி ஒன்றும் இல்லையே என்றுதான் கேட்டாள். லொறி நின்றால் அவள் சில நாள் இறங்கி உருட்டிக்கொண்டு போவாளாம். ஆனால் கடைக்காரர் ஏழு மணிக்கு முன்னே வேண்டும் என்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி ஏறினால் ஏழரை ஆகிவிடும். அடுத்த கிழமை வியாழக்கிழமை பொலிசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். தன் கவனக்குறைவால் நடந்தது, யார்மேலும் முறைப்பாடு இல்லை என்று கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடுமாம். உங்களுக்குக் காரும் வந்துவிடும் என்று சிரித்தாள்.

அன்று பஸ்மிலா எதையும் முழுதாகச் செய்யவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். உடுப்பை ஊறப்போட்டுவிட்டு றுமானா வீட்டுக்கு நடந்தாள்.

றுமானா அந்த நாளுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் போய் வந்தாள். கதையை றுமானாதான் தொடங்கினாள்.

"அவ கை காட்டினத்த நானும் கண்ட. மிஸ் எடுங்க எண்டீங்க, எடுத்தன். பொலிசில நான் அழுதன், அழுதா கேக்க மாட்டாங்க எண்டு. எனக்குப் புள்ளைகளுக்கு முன்னால நிக்க ஏலாம இரிக்கி மிஸ்."

பஸ்மிலா எழும்பிவிட்டாள். தேத்தண்ணி ஊற்றியிருந்தார்கள், அதைக் குடிக்காமலே வந்துவிட்டாள்.

அப்ராஸின் கடைக்குப் போனாள். வாக்குமூலத்தை மாற்றப்போகிறேன் என்றாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகத்தான் கதைத்தான். அந்தப் பெண்ணுக்கே முறைப்பாடு இல்லை. நீ இரண்டு கிழமையாக அவளுக்காக வெயிலில் மிதிக்கிறாய், அதுவே பரிகாரம்தான். இனி எதற்கு வீட்டைக் கொளுத்திக்கொள்கிறாய் என்று கேட்டான். அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அவளும் இதையே தனக்குள் நூறு தரம் சொல்லிப் பார்த்தவள்தான். ஒவ்வொரு தரமும் சொல்லி முடிய, கால் தரையை மிதித்தது.

அதற்குப் பிறகும் ஒரு கிழமை போனது. ஒவ்வொரு விடியலிலும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று புறப்பட்டாள். போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். புதன்கிழமை, சைக்கிளில் பதினெட்டாம் நாள், கேதீஸ்வரியின் குசினிக்குள் போனவள் பெட்டியிடம் போகவில்லை. கேதீஸ்வரி காலை நீட்டிப் பலகையில் உட்கார்ந்து இடியப்ப உரலில் மாவை வைத்துத் தட்டில் சுற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். சுஜித்தா ஆவிக்குள் நின்று தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்குக் கையெழுத்து வைக்காதீங்க. பிழை ஒங்கட இல்ல."

கேதீஸ்வரி பிழிவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள். பஸ்மிலா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். லொறி, பின்னால் பஸ், றுமானா தயங்கியது, ஹோர்ன் அடித்து எடுக்கச் சொன்னது, பொலிசில் சொன்னது. எங்கும் நிற்காமல் சொன்னாள். நின்றால் மிச்சம் வராது என்று பயம்.

"நான் திரும்பிப் பாத்தனா?"

"பாத்தீங்க. கையும் காட்டினீங்க. என்னைத்தான் பாத்தீங்க."

உரலை இரண்டு கையாலும் பிடித்தபடி கேதீஸ்வரி அசையாமல் இருந்தாள். பாதி சுற்றிய இடியப்பம் தட்டில் அப்படியே தொங்கியது.

"இந்தக் காலப் பாத்துப் பாத்து மூண்டு கிழமையா என்னையே நான் ஏசினன். கண்ணில்லாம ஏன் போனாய் எண்டு. என்ட சைக்கிள எடுத்துக்கிட்டு ஒவ்வொரு நாளும் வந்து போனீங்க. பதினெட்டு நாள். ஒரு நாளும் வாயத் திறக்கல்ல."

பஸ்மிலா குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

"பெட்டிய வைங்க. நீங்க போங்க."

தங்கச்சி என்ற சொல் அதில் இல்லை. சுஜித்தா பிள்ளையை அக்காவின் மடியில் கொடுத்துவிட்டு, பெட்டிகளை அவளே கட்டி, ஓடத் தெரியாத சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனாள். பஸ்மிலா வீட்டுக்குப் போகும் வழியும் அதுதான். முந்திப் போகவும் மனமில்லை, நின்று போகவும் மனமில்லை. பத்தடி பின்னால் நடந்தாள். மருதமுனை எல்லையில் ஒரு வேன் ஓரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சுஜித்தா சைக்கிளோடு தயங்கினாள். பஸ்மிலா வீதிக்குள் இறங்கி, வந்த வாகனங்களுக்குக் கையைக் காட்டி மறித்து நின்றாள். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஏதோ ஏசிக்கொண்டு பிரேக் போட்டான். சுஜித்தா வேனைச் சுற்றிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்மிலா வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கையோடு பஸ் ஏறிப் பொலிசுக்குப் போனாள். ஒருமுறை சொன்னதை மாற்றினால் அவளுக்குத்தான் வில்லங்கம் என்று சார்ஜன்ட் எச்சரித்தார். யாராவது பயம் காட்டினார்களா என்றும் கேட்டார். இல்லை என்றாள். அவர் கொஞ்ச நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். பின்னேரம் றுமானாவும் தானாக வந்து தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டாள்.

வழக்கு வர இரண்டு மாதமாயிற்று. அந்த இரண்டு மாதமும் அப்ராஸ் அவளோடு கதைக்கவில்லை. கத்தாரில் இருந்து சியாம் தொலைபேசியில், செய்தது சரிதான், ஆனால் என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம் என்றான். முகநூல்காரர்கள் வேறு சண்டைக்குப் போய்விட்டிருந்தார்கள். பழகிக்கொண்டிருந்த ஆறு பேரும் வேறு இடம் தேடிப் போனார்கள். கார் வந்தது, வாசலில் நின்றது. பஸ்மிலா பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாள். கடைக்கும் சந்தைக்கும் அதில்தான் போனாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பழகிவிட்டது என்று சொன்னாள். முனவ்வறாவின் மருந்துக்கடைக்குப் போய், நான் சொல்லித் தந்தது பிழை என்று சொன்னாள். பிறகு இன்னும் நாலு பேர் வீட்டுக்குப் போய் அதையே சொன்னாள். ஒருத்தி விளங்கிக்கொண்டாள். ஒருத்தி சிரித்தாள். மற்ற இரண்டு பேரும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு மேல் யார் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். விட்டது நிம்மதியாகவும் இல்லை.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தண்டம் விதித்தார்கள். பழக்கும் பெர்மிட்டை ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள். றுமானாமேல் ஒன்றும் இல்லை. கேதீஸ்வரி சாட்சிக்காக வந்திருந்தாள். ஒரு தடி ஊன்றி, கணுக்காலைச் சற்று வெளிப்பக்கமாக வைத்து நடந்தாள். சுஜித்தா இப்போது சைக்கிள் பழகிவிட்டாள், இரண்டு கடைக்கு மட்டும் கொண்டுபோகிறாள் என்று பஸ்மிலா வெளியில் கேள்விப்பட்டிருந்தாள். கல்முனைக் கடைகள் இரண்டும் போய்விட்டன.

வெளியே பஸ் நிறுத்தத்துக் கொட்டகையில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் உட்கார வேண்டியதாயிற்று. வேறு இடமில்லை. நடுவில் ஒரு ஆள் இருக்கத்தக்க இடைவெளி. மத்தியான வெயிலில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னிக்கொண்டு போயின. கேதீஸ்வரி வீதியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க ஆட்டோவும் பழக்குவீங்களா?"

பஸ்மிலாவுக்கு உடனே விளங்கவில்லை. யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் என்றாள் கேதீஸ்வரி. இந்தக் காலை வைத்துக்கொண்டு இனிச் சைக்கிள் மிதிக்க முடியாது. கணவனின் தம்பியிடம் பழைய ஆட்டோ ஒன்று சும்மா நிற்கிறது. அது இருந்தால் கல்முனைக் கடைகளையும் திரும்பப் பிடிக்கலாம். பதினாறு வருடம் ஓரத்தில் போய் எல்லோருக்கும் வழிவிட்டது போதும் என்றாள். குரலில் கோபம் குறைந்திருக்கவில்லை. பஸ்மிலாவிடம் கேட்பது அவளுக்குப் பிடித்தும் இருக்கவில்லை. பக்கத்தில் பழக்குகிற பெண் வேறு யாரும் இல்லை.

ஆறு மாதத்துக்குப் பழக்க முடியாது என்று பஸ்மிலா சொன்னாள். தெரியும், உள்ளே நானும் இருந்தேன்தானே என்றாள் கேதீஸ்வரி. ஆறு மாதத்தில் காலும் பலப்படும்.

"பழக்கிறன். ஆனா அக்கா..." பஸ்மிலா நிறுத்தினாள். சைக்கிளில் போகிறவர்களைப் பற்றி இவளுக்குத் தான் என்ன சொல்வது?

கேதீஸ்வரி அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நான் ஆரையும் இடிக்க மாட்டன் எண்டு நினைக்காதீங்க. பின்னால பஸ் நிண்டு கத்தினா எனக்கும் அந்தரமாத்தான் இருக்கும். அந்த நேரம் காலை எங்க வைக்கிற எண்டு நீங்கதான் காட்டித் தரணும். அதுக்குத்தான் கேக்கிறன்."

பெரியநீலாவணைப் பக்கம் போகும் பஸ் வந்தது. கண்டக்டர் கெதியா ஏறுங்க, கெதியா ஏறுங்க என்று பலகையைத் தட்டினான். பஸ்மிலா பிடிக்கக் கையை நீட்டினாள். கேதீஸ்வரி அந்தக் கையைப் பிடிக்காமல் தடியைப் படியில் ஊன்றி, நல்ல காலை முதலில் வைத்து, தானாக ஏறினாள். பஸ்மிலாவும் அதே பக்கம் போக வேண்டியவள்தான். அவள் ஏறவில்லை. பஸ் போன பிறகு கொட்டகையிலிருந்து இறங்கி, வீதி ஓரத்தால், மணலிலும் வடிகான் விளிம்பிலும் கால் மாறி மாறி வைத்து, வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.